பால்மரமும் மணல்மேடும்

1877-இல் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிற்காலத்தில் நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து வெட்டிய பாலுக்குள் இருந்தது, கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி.

இன்னொரு சங்கிலிக்கான பொருளும் நம் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. ஈப்போவைச் சுற்றி ஈயலம்பங்கள் விட்டுச்சென்ற மணலைச் சொல்கிறோம். மணலின் பெரும்பகுதி சிலிக்கனும் ஆக்சிஜனும்தான்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் கிப்பிங் என்ற வேதியியலறிஞர் சிலிக்கன் சேர்மங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். குடுவையில் பிசுபிசுவென்று ஒட்டியதை அவர் பெரிதாக மதிக்கவில்லை! அந்தப் பிசுபிசுப்புதான் சிலிக்கோன். 1940-இல் அமெரிக்காவில் ரோக்கோ மலிவான வழி கண்டார். அதன்பின் தொழிற்சாலைகள் எழுந்தன.

இது எப்படி உருவாகிறது? சிறு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் உண்டு. கையோடு கை கோக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இதுவே குறுக்க வினை.

சிலிக்கோன் வெப்பம் தாங்கும். ஆனால் குப்பையில் போட்டால் எளிதில் அழியாது. ஆகவே, இப்போது சங்கிலியின் நடுவே சிலிக்கன், ஆக்சிஜன், கரி என்று வரிசையாக அமைந்த கண்ணிகளைக் கோக்கிறார்கள். வெளியேறிய நீர் திரும்பி வந்தால் அந்தக் கண்ணி கழன்றுவிடும். அமிலம் சேர்ந்தால் இன்னும் விரைவு. அதற்காக அடைமழையிலேயே கழன்றுவிட்டால் பொருள் யாருக்கு உதவும்? சிலிக்கனோடு பருத்த அணுக்கூட்டங்களைச் சேர்த்தால் நீர் நெருங்கத் தாமதமாகும். சிறியவற்றைச் சேர்த்தால் சீக்கிரம் கழலும்.