இரண்டு வைத்தியர்கள், 24 சுருதி, ஒரு அரபு வாத்தியம்

இந்த எபிசோட் ஊது பற்றியது. தலைப்பைச் சொன்னதுமே ஒரு நண்பர், "நாதஸ்வரம் மாதிரி ஊதுறதா?" என்று கேட்டார். பேர்தான் அப்படி. இது மீட்டுற வாத்தியம். அரபியில் ஊது என்றால் மரம், மரத்துண்டு. துபாய்ல இருந்து மாமா வாங்கிட்டு வர்ற ஊது அத்தர் இருக்கே, அந்த அகில் கட்டைக்கும் இதே பேர்தான்.

பேரிக்காயை நெடுக்காகப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி உடம்பு. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்வார்கள். கழுத்து சின்னது, அதன் நுனி பின்பக்கமாக மடங்கியிருக்கும். பொதுவாக 11 தந்தி: ஐந்து ஜோடி, கீழ்ச்சுரத்துக்கு ஒரு தனித்தந்தி. முன்னாடி கழுகு இறகால் மீட்டினார்கள், இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக். ரொம்ப முக்கியமான விஷயம், வீணையில இருக்குற மாதிரி மெட்டுகள் இதில் கிடையாது. விரல் எங்கே விழுதோ அங்கேதான் சுரம். இன்னைக்குப் பேசப்போற மொத்த வரலாறும் இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் ஓடுது.

அரபு இசை கேட்க நமக்குப் பயிற்சி இல்லை என்று நிறையப் பேர் சொல்றாங்க. நான் ராஜபாளையத்துக்காரன். எங்க ஊர்ல இருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழியில் இந்தப் பக்கம் யாரும் அலாரம் வைக்கத் தேவையில்லை, ஸ்பீக்கரில் திருப்பாவை வந்து எழுப்பிடும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த அந்த வரிசையில் இரண்டாம் பாசுரம் கௌளை ராகம். எம்.எல்.வசந்தகுமாரி பாடின பதிவைக் கேட்டிருப்பீங்க. கௌளையின் ரிஷபம் ஒரு தனிப் பிறவி. சாதாரண சுத்த ரிஷபத்தை விடக் கொஞ்சம் இறங்கி, சட்ஜமத்தை ஒட்டி நிற்கும். கீபோர்டில் அதைத் தேடினால் கிடைக்காது. ரெண்டு கட்டைக்கு நடுவுல எங்கேயோ இருக்கு.

பேர் தெரியாமலே, சின்ன வயசுல இருந்து அந்தச் சுரத்தைத் தூக்கத்தில் கேட்டு வளர்ந்த காது நம்ம காது. ஊது கேட்க அதுவே பாதிப் பயிற்சி.

இன்னொரு பாதி பாட்டு வகுப்பில் இருக்கு. முதல் நாள் சரளி வரிசை, மாயாமாளவகௌளை. அதே ஏழு சுரங்களை அரபியில் ஹிஜாஸ் கார் என்கிறார்கள். 'ச ரி க ம' என்ற முதல் நாலு சுரத்தை மட்டும் எடுத்தால் அதுதான் ஹிஜாஸ். நம்ம சினிமாவில் பாலைவனமோ ஒட்டகமோ காட்டினால் உடனே ஒரு வளைவு வருமே, அதேதான். காகிதத்தில் பார்த்தால் தோடி அவங்களோட குர்த், கீரவாணி அவங்களோட நஹாவந்தில் ஒரு வகை, சிம்மேந்திரமத்யமம் நவா அதர். காகிதத்தில்தான். தோடியின் காந்தாரம் ஆடுற மாதிரி குர்த்தில் ஆடாது.

இது வெறும் தற்செயல் மட்டுமா? 1550இல் விஜயநகரத்தில் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியில் இருபது மேளங்கள் இருக்கு. அதில் ஒன்றின் பேர் ஹெஜ்ஜுஜ்ஜி. அது ஹிஜாஸில் இருந்து வந்த பேர் என்று இசை ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பிறகு தஞ்சாவூரில் வேங்கடமகியின் பட்டியலிலும் அந்தப் பேர் வருது. பேர் பயணப்பட்டதா, சுரமும் கூட வந்ததா என்பது வேற சண்டை. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெற்கே வந்து இன்னமும் வீட்டில் தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைந்த ஊர் ராஜபாளையம். ஒரு சொல் நானூறு வருஷம் கழிச்சும் அடையாளத்தோட இருக்கிறதுல எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் கிடையாது.

சரி, நடுவுல இருக்குற சுரத்துக்கு வருவோம். கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. ஸ்தாயி முழுவதையும் 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டைக்கும் 100 சென்ட். அரபு இசையில் பயாத்தி என்று ஒரு மகாம் இருக்கு. மகாம் என்றால் கிட்டத்தட்ட நம்ம ராகம். அந்தப் பயாத்தியின் ரிஷபம் ஏட்டுக் கணக்குப்படி 150 சென்ட் பக்கத்தில். சுத்த ரிஷபம் 100, சதுஸ்ருதி ரிஷபம் 200, இது சரியா நடுவுல. முதல் தடவை கேட்கும்போது தந்தி கொஞ்சம் இறங்கிப்போச்சு என்று தோணும். மூணாவது தடவை அந்த இடத்துக்காகவே கேட்பீங்க.

இந்த நடுச்சுரம் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. 8ஆம் நூற்றாண்டு பாக்தாதில் மன்சூர் ஸல்ஸல் என்று ஒரு ஊது வித்வான் இருந்தார். நடுவிரலை அவர் கழுத்தில் வைத்த இடம், அன்றைய இரண்டு காந்தாரங்களுக்கும் இடைப்பட்டது. பிறகு வந்த நூல்கள் அந்த இடத்துக்கே 'ஸல்ஸலின் நடுவிரல்' என்று பேர் வைத்தன. ஒரு மனுஷன் விரல் வைத்த இடம் ஒரு சுரத்தின் பேராகி ஆயிரம் வருஷம் தாண்டி நிக்குது! ஆண்டாளின் காலத்தை 8, 9ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏறக்குறைய அதே காலம்.

இப்போ ரெண்டு வைத்தியர்கள் கதை.

முதல் ஆள் மிகாயீல் மிஷாகா. 1800இல் லெபனானில் பிறந்தவர், டமாஸ்கஸில் வைத்தியம் பார்த்தவர். 1840 வாக்கில் ஒரு இசை நூல் எழுதினார். அதில் ஒரு ஸ்தாயியை 24 சம பாகங்களாகப் பிரிக்கும் முறையை விளக்கினார். இப்போ 'கால் சுரம்' என்று சொல்றாங்களே, அதுக்கு வேர் இந்த மாதிரி எழுத்துகள்தான்.

இரண்டாம் ஆள் நம்ம ஆள். ராஜபாளையத்தில் இருந்து தெற்கே போனால் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரை. அங்கே 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பேர் வாங்கி, அந்த வருமானத்தை இசை ஆராய்ச்சியில் போட்டவர். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் அலசி, வட்டப்பாலைக் கணக்குப்படி ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி என்று வாதிட்டார். அப்போ இந்தியா முழுக்க அறிஞர்கள் சொன்ன கணக்கு 22. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தன் மகள்களை வைத்து நிகழ்த்திக் காட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், தன் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டது. ரெண்டு வருஷத்தில் காலமானார்.

டமாஸ்கஸில் ஒரு வைத்தியர், தஞ்சாவூரில் ஒரு வைத்தியர், ரெண்டு பேருக்கும் அதே 24. ஏன்?

எனக்குத் தோணுறது இது. ரெண்டு ஊர்லயும் அப்போ ஐரோப்பிய இசை ஒரு அளவுகோலோட வந்து இறங்கியிருந்தது. பியானோவிலும் ஹார்மோனியத்திலும் 12 கட்டை. அந்த 12இல் அடங்காத சுரத்தை என்ன செய்றது? சுருதி சேரலைன்னு ஒதுக்கலாம். இல்லைன்னா, எங்களுக்கும் கணக்கு இருக்கு, அது உங்களை விட நுணுக்கம் என்று காட்டலாம். இவங்க ரெண்டாவதைச் செய்தாங்க. அதில் ஒரு மானப் பிரச்சினை இருந்தது. அதைக் குறைச்சு மதிப்பிட நான் தயாரில்லை. ஆனா கோடு எழுதுற ஆளா ஒண்ணு சொல்லணும்: 12 கட்டத்தை 24 கட்டமாக்கினால் ரெசல்யூஷன் இரட்டிப்பாகும், கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். கௌளை ரிஷபம் 50இன் மடங்கில்தான் உட்காரணும் என்று அதுக்கு யாரும் உத்தரவு போடலை.

இந்தச் சண்டை முற்றியது கெய்ரோவில். 1932இல் எகிப்து அரசர் ஃபுவாத் ஆதரவில் அரபு இசை மாநாடு நடந்தது. ஐரோப்பாவில் இருந்து பேலா பார்டோக், பால் ஹின்டெமித் எல்லாம் வந்தாங்க. எகிப்தியர்கள் பலர் 24 சம பாகம்தான் என்றார்கள். துருக்கியில் இருந்து வந்த ரவூஃப் யெக்தா பே மாதிரி ஆட்கள் ஒத்துக்கலை. வாசிக்கிறவர் விரல் ஊருக்கு ஊர் வேற இடத்தில் விழுது. துருக்கிக்காரர் அதே சுரத்தைக் கொஞ்சம் மேலே வைப்பார், எகிப்துக்காரர் கீழே. கடைசிவரை ஒருமித்த முடிவு வரலை.

அதைவிடச் சுவாரஸ்யம் பியானோ விவாதம். அரபு இசையில் பியானோவைச் சேர்க்கலாம் என்று கேட்டது எகிப்திய நவீனவாதிகள். வேண்டாம், கெட்டுப்போகும் என்றது ஐரோப்பிய அறிஞர்கள்! கொண்டுவந்தவர்களே கதவைச் சாத்தினாங்க. எட்டு வருஷம் கழித்து 1940இல் இங்கே அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. சொன்ன காரணம் ஏறக்குறைய அதேதான்: நடுச்சுரமும் கமகமும் அதில் வராது. முப்பது வருஷம் நின்ற தடை.

அந்தக் கெய்ரோ மாநாட்டுக்கு ஈராக்கில் இருந்து பாடகர் முஹம்மத் அல்குப்பாஞ்சி தலைமையில் ஒரு குழு போனது. பாடகர் முஸ்லிம், வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் பாக்தாத் யூதர்கள். ஊது வாசித்த அஸூரி ஹாரூனும் யூதர்தான். அரபு இசை என்றாலே ஒரு மதத்துப் பேர் ஒட்டுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. அதுக்காகவே இதைச் சொன்னேன்.

நாம இன்னைக்குக் கேட்கிற ஊது இசையும் பாக்தாதில்தான் உருவானது. 1930களில் அங்கே இசைப்பள்ளி தொடங்கி, இஸ்தான்புல்காரர் ஷெரீஃப் முஹியித்தீன் ஹைதர் பாடம் சொல்ல வந்தார். செல்லோவும் வாசிப்பவர். அவரிடம் படித்தவர்களில் ஜமீல் பஷீர், அவர் தம்பி முனீர் பஷீர். மோசுல் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம். அதுவரை ஊதுக்குப் பெரும்பாலும் பாடகர் பின்னாடிதான் இடம். முனீர் பஷீர் பாட்டு இல்லை, தாளம் இல்லை, கூட யாரும் இல்லை என்று தனியாக மேடையில் உட்கார்ந்தார். வாசித்தது தக்ஸீம், அதாவது தாளமில்லாத மனோதர்மம். நாம ஆலாபனை என்போம். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது அடங்குற வரைக்கும் காத்திருப்பார். இதுக்குப் பெரிய அரங்கம் சரிப்படாது. எங்க ஊர்ல பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவான காந்தி கலை மன்றம் மாதிரி இடம், மைக் இல்லாமல் ஐம்பது பேர், அதுதான் சரி.

அந்த வழியில் வந்தவர் நசீர் ஷம்மா. 1963இல் ஈராக்கின் கூத் நகரில் பிறந்தவர். போரில் கையை இழந்த நண்பருக்காக, ஒற்றைக் கையால் ஊது வாசிக்கிற முறையை உருவாக்கினவர். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அல் அமிரியா பதுங்குமிடத்தில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்து 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தாங்க. நிறையப் பேர் பெண்கள், குழந்தைகள். ஷம்மா அதைப் பற்றி ஒரு தனி ஊது இசை அமைத்தார். அதில் சைரன் ஒலியைத் தந்தியிலேயே கொண்டு வருவார். சைரன் எந்தச் சுரம்? எதுவுமே இல்லை, வழுக்கிக்கிட்டே ஏறி இறங்குற ஒலி. மெட்டு இல்லாத கழுத்தில்தான் அந்த ஒலி அப்படியே வழுக்கி ஏறும். 12ஆ 24ஆ என்ற சண்டை அந்த இடத்தில் எனக்குச் சின்னதாகத் தெரியுது.

கெய்ரோவில் ஷம்மா 'பைத் அல் ஊது', ஊதின் வீடு, என்று ஒரு பள்ளி ஆரம்பித்தார். 2008இல் அபுதாபியிலும் ஒன்று வந்தது. நம்ம பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அந்த ஊரில் வேலை பார்க்கிறாங்க! விடுமுறையில் மால் தவிர்த்து இன்னொரு இடம் தேடினால், இதைக் குறிச்சு வைங்க.

எங்கே ஆரம்பிக்கலாம்? முதலில் துனீசியாவின் அனூவர் பிராஹிம், 2009இல் வந்த 'தி அஸ்டவுண்டிங் ஐஸ் ஆஃப் ரீட்டா'. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷுக்கு அர்ப்பணித்தது. ராத்திரி கேட்க ஏற்றது. அடுத்து நாசரேத்தைச் சேர்ந்த மூணு சகோதரர்கள், ட்ரியோ ஜூப்ரான், மூணு ஊதும் சேர்ந்தே பேசும். பிறகு முனீர் பஷீரின் ஒரு தனி தக்ஸீம். இதில் அவசரமே கூடாது. ஸ்பீடு 1.5 வைத்துக் கேட்கிற பழக்கத்தை எனக்காகக் காட்டினது போதும், அவருக்குக் காட்டாதீங்க. கேட்கும்போது ஒண்ணு மட்டும் செய்யுங்க: அவர் எங்கே வந்து ஓய்றார் என்று கண்டுபிடிச்சு, அதையே சட்ஜமமாக மனசுக்குள்ள பிடிச்சுக்கோங்க. அதுக்கு அடுத்த சுரம் எவ்வளவு தள்ளி விழுதுன்னு தானாகவே காது அளக்க ஆரம்பிச்சிடும்.

கடைசியா 'ஸல்தனா'. பாலஸ்தீன ஊதுக் கலைஞர் சைமன் ஷாஹீனும், நம்ம விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்தது. பட்டின் மோகன வீணை கிட்டாரில் இருந்து பிறந்தது. ஆனா தந்தி மேல கம்பியைச் சறுக்கவிட்டு வாசிப்பார், மெட்டில் விரலே படாது. ஒருத்தர் விரலால், ஒருத்தர் கம்பியால், ரெண்டு பேரும் கட்டைகளுக்கு நடுவிலேயே ஒருத்தரை ஒருத்தர் தேடிப் போறாங்க. ஹெட்போன்ல கேளுங்க. ஊது எது, வீணை எது என்று சில இடத்தில் எனக்கே இன்னும் குழம்புது.