1947: இரண்டு சட்டங்களும் ஒரு மேடையும்



கள்ளக்குறிச்சியில் நான் பார்த்த விழாக்களில் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். குத்துவிளக்கு ஏற்றியதும் ஒரு பெண் தனியாக வந்து பரதநாட்டியம் ஆடுவார். அழைப்பிதழில் அவர் பெயரும் குருவின் பெயரும் இருக்கும். வாசலில் பறையடித்து விருந்தினரை அழைத்து வருகிறவர்கள் அதே தாளில் 'பறையிசைக் குழு' மட்டுமே. கல்வராயன் மலையிலிருந்து மலையாளிப் பழங்குடிப் பெண்கள் வந்தால் 'பழங்குடியினர் நடனம்'. ஒருவருக்குப் பெயர், மற்றவர்களுக்குச் சாதி. இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதை இந்த நினைவுரையில் பேச விரும்புகிறேன்.

'பரதநாட்டியம்' என்ற பெயர் 1930களில்தான் பரவலாக நிலைபெற்றது. அதற்கு முன் அது சதிர், சின்னமேளம், தாசியாட்டம். இன்று அரங்கேற்றத்தில் நாம் காணும் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை அமைத்தவர்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் தஞ்சை நால்வரைச் சொல்வார்கள். கோயில், அரண்மனை, செல்வந்தர் வீட்டுக் கல்யாணம் என எல்லா இடத்திலும் சதிர் நடந்தது. விழாவுக்குப் பணம் கொடுத்து ஆட்டம் வைக்கும் வழக்கம் புதிதல்ல. 1893இல் சென்னையின் சமூகச் சீர்திருத்தக்காரர்கள், இத்தகைய ஆட்டம் இடம்பெறும் விருந்துகளுக்குப் போக வேண்டாம் என்று வைஸ்ராயிடமும் ஆளுநரிடமும் மனு கொடுத்தார்கள். இருவரும் ஏற்கவில்லை.

பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக 1927இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் முத்துலட்சுமி ரெட்டி. அந்தக் கொடுமையை உள்ளிருந்தே எழுதியவர் சுயமரியாதை இயக்கத்தின் மூவலூர் இராமாமிர்தம். அவரது 'தாசிகள் மோசவலை' 1936இல் வந்தது. அந்த வழக்கம் ஒழிந்தது நியாயம். அதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. ஆடிய பெண்களை இழிவு என்று ஒதுக்கிக்கொண்டே, அவர்களின் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1931இல் சென்னை மியூசிக் அகாடமியில் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். அவர்கள் பரம்பரைக் கலைஞர்கள். 1935 டிசம்பரில் பிராமணப் பெண்ணான ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா தொடங்கியது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் கோயிலின் கௌரி அம்மாள், இன்னொருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் போராடி மேடையில் நின்றார்கள். மற்றக் குடும்பத்துப் பெண்களில் பலர், அவமானத்துக்கு அஞ்சிச் சலங்கையையே மறைத்து வைத்தார்கள்.

இதில் நம் கதை எங்கே? 1947இல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம். மற்றொன்று தேவதாசி ஒழிப்புச் சட்டம். கோயிலுக்குள் சதிர் நடந்த காலத்தில் அதைப் பார்க்க நம் முன்னோருக்கு வழியில்லை. சட்டப்படி கதவு திறந்தபோது ஆட்டம் சபாவுக்குப் போய்விட்டது. சபாவின் வாசலில் சாதியைக் கேட்கவில்லை. சந்தாவையும் பழக்கவழக்கத்தையும் கேட்டார்கள். விளைவில் பெரிய மாற்றம் இல்லை.

அந்தச் சட்டமும் எங்கள் மாவட்டத்தில் எவ்வளவு தாமதமாக வந்தது பாருங்கள். எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று, போலீஸ் பாதுகாப்போடு. சட்டத்துக்கும் வாசலுக்கும் இடையே 75 ஆண்டுகள். மலையிலும் இதே கதைதான். கல்வராயனில் ஜாகிர்தார்களுக்கு மக்கள் வெட்டி வேலை செய்தார்கள். அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது 1976இல்தான்.

வெட்டி என்ற சொல்லை இங்கே கவனியுங்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பது ஊர் நம்மீது சுமத்திய கட்டாயக் கடமை. அதை மறுத்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு. அதே பறையை மேடையில் கலையாக வாசிக்கும்போதும், 'நம்ம பசங்கதானே' என்று கூலியைக் குறைக்கிற மனநிலையில் அந்த வெட்டியின் மிச்சம் இருக்கிறது. தனியாக ஆடுபவருக்குச் சன்மானம், பறையடிப்பவர்களுக்குச் சாப்பாடும் பஸ் காசும்.

பரதநாட்டியத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. சேரிப் பிள்ளை அதைக் கற்று மேடையேறட்டும். அதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. அது 'ஈராயிரம் ஆண்டுத் தெய்வீகக் கலை' என்று அறிவிப்பாளர் சொல்லும்போது மட்டும், அதைக் காப்பாற்றி வந்த பெண்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுந்து கேளுங்கள். இழந்தவர்கள் அவர்கள். அந்த இழப்பை நம்முடையது என்று சொல்லிக்கொள்வது நேர்மையாகாது. அவர்களோடு நிற்பது நேர்மை.

நம் கையில் உள்ள ஒன்றை நாமே தொடங்கலாம். நாம் நடத்தும் அடுத்த விழாவின் அழைப்பிதழில் பறையடிக்கும் ஒவ்வொருவர் பெயரையும், மலையிலிருந்து வரும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் அச்சிடுவோம். சன்மானத்தை முன்கூட்டியே பேசி, ஒரே உறையில், ஒரே மேடையில் கொடுப்போம்.

ஜெய்பீம்.