தண்டனையும் சிறை நிர்வாகமும்

நீதிமன்றம் விதித்த தண்டனையுடன் சிறை அதிகாரிகள் தாமாகக் கண்காணிப்பைச் சேர்க்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. விடுதலைக்குப் பின் இருப்பிடத்தையும் இடமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று, முன்பே தண்டனை பெற்ற சிலவகைக் குற்றவாளிகளுக்கு நீதிமன்றமே தீர்ப்பின்போது ஆணையிடலாம். அதுவும் 5 ஆண்டுக்கு மிகாமல் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 356).

சிறை அதிகாரிகள் தாமாகத் தண்டனையைக் கூட்டக் கூடாது என்பதற்கு அடித்தளமான தீர்ப்பு சுனில் பத்ரா வழக்கு (1978). தூக்குத் தண்டனைக் கைதியைத் தனிமைச் சிறையில் அடைக்க 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதிகாரம் தரவில்லை என்றது உச்ச நீதிமன்றம். தனிமைச் சிறை தனியொரு தண்டனை; அதை நீதிபதிதான் விதிக்க வேண்டும். கைதியின் மனிதத்தன்மையைக் காத்த தீர்ப்பு இது.

வேலூர் மத்திய சிறையில் இருந்த முருகன் என்கிற ஸ்ரீகரன் தொடர்பான வழக்கில், 2015இல் அரசியல் சாசன அமர்வு மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது: தண்டனைக் குறைப்பில்லாத நீண்டகாலச் சிறையை மரண தண்டனைக்கு மாற்றாக விதிப்பது உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உரியது.

சிறைக் குற்றத்துக்காகத் தண்டனைக் கழிவை ரத்து செய்யக் கண்காணிப்பாளரால் முடியும். அப்போதும் தீர்ப்பில் எழுதிய காலத்தைத் தாண்டக் கூடாது. முன்விடுதலைக்கு நிபந்தனை விதிப்பது அரசின் அதிகாரம்.