வாசுதேவன் பாஸ்கரன்

வாசுதேவன் பாஸ்கரன் (பிறப்பு 1950) சென்னையைச் சேர்ந்த ஹாக்கி வீரர், பயிற்சியாளர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர். 1981-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தத் தங்கத்தை மலிவானது என்பவர்கள் உண்டு. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் வராததால் ஆறு அணிகளே ஆடின. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என இந்தியா வென்றது போட்டியின் தரத்தைக் காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை. ஆனால் போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 எனச் சமனில் முடித்த இளம் அணி அது. இறுதியாட்டத்தில் 3-0 என முன்னேறிய பிறகும் ஸ்பெயினின் குவான் அமாத் மூன்று கோல் அடித்து நெருக்க, 4-3 எனத் தாக்குப்பிடித்தது. மேலும், செயற்கைத் தளம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்த 1976 மான்ட்ரியாலில் இந்தியா ஏழாமிடத்துக்குச் சரிந்தபோதும் பாஸ்கரன் அணியில் இருந்தார். அந்தச் சரிவிலிருந்து நான்கே ஆண்டுகளில் மீண்டதை எதிரணிகளின் வருகைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது.

பயிற்சியாளராக அவர் பதிவு மங்கலானது. 2000 சிட்னியில், வென்றால் அரையிறுதி என்ற ஆட்டத்தில் போலந்து கடைசி நிமிடங்களில் சமன் செய்தது. இந்தியாவுக்கு மீண்டும் ஏழாமிடம். 2006 உலகக் கோப்பையில் பதினொன்றாமிடம். அதே ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் பதக்கமே இல்லை. நல்ல வீரர் நல்ல பயிற்சியாளராவதில்லை என்று இதை வைத்து முடிவுகட்டுவது அவசரம். அவர் விலகிய பின், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறவில்லை. நோய் அமைப்பில் இருந்தது.