பரண், அட்டம், லாஃப்ட்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரே தெருவுக்குள் பரணுக்கு ஐந்து பெயர் கேட்கலாம். தமிழர் வீட்டில் அது பரண். கன்னடர் வீட்டில் அட்ட. அவர்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய தமிழர் பலர் வாயிலும் அட்டம்தான்: “அந்த அண்டாவ அட்டத்து மேல ஏத்துடா” என்பார்கள். தெலுங்கர் வீட்டில் அடக. வீடு கட்டித் தரும் மேஸ்திரி அதைச் சஜ்ஜா என்பார். பிளான் போடுகிற இன்ஜினியர் லாஃப்ட் என்று எழுதுவார். ஆளுயரத்துக்கு மேல், கூரைக்குக் கீழ், எதற்கும் உதவாமல் கிடக்கும் ஓர் இடைவெளிக்குத்தான் இத்தனை பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பழைய ஊர் இருக்கிறது. அவை எல்லாம் வந்து கூடிய இடம் என்பதால் இந்தச் சொற்களை ஸ்ரீராம்புரத்தில் நின்று பார்க்கலாம் என்று தோன்றியது.

மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து அமர்ந்திருக்கும் பகுதி இது. சுற்றிலும் மில்கள் இருந்தன. 1884இல் தொடங்கிய பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸ், ஊர் வாயில் பின்னி மில். மாகடி சாலைப் பக்கம் மினர்வா மில். சம்பிகே சாலையில் இப்போது மந்திரி ஸ்கொயர் நிற்கும் இடத்தில் ராஜா மில். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியேறின. கன்னடர் வடார என்று சொல்லும் அதே அமைப்பு: நடுவில் ஒரு சந்து, இருபுறமும் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பக்கவாட்டில் ஒரு சாண் கூட நகர முடியாத வீட்டில் மிச்சமிருந்த ஒரே திசை மேலே.

பரண் என்ற சொல் வீட்டுக்குள் பிறந்ததல்ல, காட்டில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அதற்குக் காவற்பரண், வீட்டுப் பரண் என இரு பொருளும் தருகிறது. இதில் காவலே மூத்தது என்பது என் துணிபு. பயிர் விளைந்த கொல்லையில் உயரமான கால்கள் நட்டு, குறுக்கே கழிகள் பரப்பி, மேலே தழை வேய்ந்த மேடை அது. பகலில் கிளியும் குருவியும், இரவில் பன்றியும் யானையும் வரும். பயிரைப் பார்த்துக்கொண்டே உயிரையும் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் தரையில் உட்கார முடியாது.

சங்கப் பாட்டில் இந்த மேடைக்கு இதணம், கழுது, பணவை என்று பல பெயர் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கப் போகும் தலைவி ஏறி அமர்வது மரத்தின்மேல் கட்டிய இதணத்தில். புலியும் அஞ்சி ஒதுங்கும் உயரத்தில் அதைக் கட்டியதாகக் கபிலர் சொல்கிறார். அங்கிருந்து தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளை ஒலித்து அவளும் தோழியும் கிளி ஓட்டுகிறார்கள். ஓர் இளம்பெண் நாள் முழுதும் இருந்து, பார்த்து, பேசி, பொறுப்பு சுமந்த இடம் அது. வேண்டாத பொருள் வைக்கும் இடமாக யாரும் அதை நினைத்திருக்க முடியாது. இதணமும் கழுதும் பணவையும் வழக்கொழிந்தன. பரண் மட்டும் வயலை விட்டு வீட்டுக்குள் வந்து பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்குள் வந்தபோதும் அது காவல் வேலையை விடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பழைய வீடுகளில் பரண் அடுப்புக்கு நேர் மேலே இருக்கும். சுவருக்குச் சுவர் மூங்கிலோ பனஞ்சட்டமோ போட்டு, மேலே பிளாச்சு பரப்பிக் கட்டியிருப்பார்கள். விதைச் சோளக்கதிர், புளி, மிளகாய், மழைக்காலத்து விறகு எல்லாம் அங்கே ஏறும். விறகடுப்பின் புகை இடுக்கு வழியாக நாள்தோறும் ஏறி ஈரத்தை விரட்டும், வண்டும் அந்துப்பூச்சியும் அண்டாமல் செய்யும். அடுத்த ஆண்டு விதைப்பு பரணைத்தான் நம்பி இருந்தது. வயலில் பறவையிடமிருந்து காத்த பரண் வீட்டில் பூச்சியிடமிருந்து காத்தது. பொருள் மாறியது, தொழில் மாறவில்லை.

அட்டத்தின் கதை கோட்டையிலிருந்து வருகிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் கோட்டை மதில்மேல் எழுப்பும் காவல் கோபுரத்தை அட்டாலகம் என்கிறது. வடக்கே இந்தியில் அடாரி என்றால் மேல்மாடி அறை. தெற்கே கன்னடத்தில் அட்ட, அட்டணிகெ, மலையாளத்தில் அட்டம், கொங்குத் தமிழில் அட்டாலி. தெலுங்கு அடகவையும் இதே குடும்பம் என்றே கொள்கிறேன். இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனை என்று ஓர் ஊர் உண்டு. காடு வெட்டிச் சுட்டுப் பயிரிடும் நிலம் சேனை, அதைக் காக்கக் கட்டிய பரண் அட்டாளை. ஊர்ப் பெயரிலேயே பரணும் பயிரும் சேர்ந்து நிற்கின்றன. மதிலில் இருந்தாலும் புனத்தில் இருந்தாலும் இந்தச் சொல்லுக்கும் முதற்பொருள் உயரத்திலிருந்து பார்த்தல்தான். பரணும் அட்டமும் வெவ்வேறு வேரிலிருந்து கிளம்பி ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தவை.

ஒலியை வைத்து உறவு கட்டுகிறவர்கள் ஆங்கில அட்டிக்கையும் அட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு. அட்டிக் என்ற சொல் கிரேக்க நாட்டின் அட்டிக்கா பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அப்பகுதிக் கட்டடப் பாணியில் முகப்பின் உச்சியில் வைத்த சிறு மாடிக்கு அப்பெயர் வந்து, பிறகு கூரையடி அறைக்கு ஆகிவந்தது. இரண்டு சொல்லும் இப்படி ஒத்து ஒலிப்பது தற்செயல். மேல்தளத்தைக் குறிக்கும் மச்சுக்கு வேறு வழி. வடமொழி மஞ்சத்திலிருந்து வந்தது அது. கட்டிலைக் குறிக்கும் மஞ்சமும் மச்சும், வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டும் மச்சானும் உடன்பிறப்புகள்.

லாஃப்ட் எங்கள் வீடுகளுக்குக் கடைசியாக வந்த சொல். வடகடல் ஓரத்துப் பழைய நார்ஸ் மொழியில் லொப்ட் என்றால் காற்று, வானம், மேல்மாடி. ஜெர்மானியர் இன்றும் காற்றை லுஃப்ட் என்கிறார்கள். சஜ்ஜா இந்திச் சஜ்ஜாதான். சுவருக்கு வெளியே மழைக்கும் வெயிலுக்கும் நீட்டிய தாழ்வாரம். வெளியே நீண்டதை உள்ளே நீட்டியபோது பெங்களூர் மேஸ்திரிகள் பெயரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஸ்ரீராம்புரத்து ஓட்டு வீடுகளின் அட்டத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மங்களூர் ஓடு போட்ட கூரை. 1865இல் மங்களூர் ஜெப்புவில் பேசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து தென்னாடு முழுக்கப் பரவிய ஓடு அது. மழை வழிந்தோடச் சரிவு வேண்டும், சரிவுக்காக நடுவில் முகடு உயரும். ஆகவே பக்கச் சுவர் தோளளவுக்குச் சற்று மேல் நின்றுவிட, முகட்டடியில் ஒரு முக்கோண வெளி மிச்சமாகும். கட்டில் போட முடியாது, அலமாரி நிற்காது. அந்த வெளிக்குக் கீழே சமையல்கட்டுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குச் சப்படிக் கல்லோ, கடப்பாக் கல்லோ, மரப்பலகையோ போட்டு அட்டம் ஆக்கினார்கள். ஏற ஒரு மூங்கில் ஏணி. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிச் சந்தில் சாய்த்துவிடுவார்கள்.

மேலே டிரங்குப் பெட்டி, பித்தளைத் தவலை, ஊரிலிருந்து வந்த பாய், நவராத்திரிப் பொம்மைப் பெட்டி. இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கும். அட்டத்தில் ஆட்களும் இருந்தார்கள் என்பதுதான் இங்கே தனி. மில்லில் இரவு ஷிப்டு முடிந்து காலையில் வருகிறவர் பகலில் எங்கே தூங்குவார்? கீழே ஒரே அறை. பிள்ளைகள், அடுப்பு, அண்டை வீட்டார் வருகை. ஏணி வைத்து மேலே ஏறிப் படுப்பார். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஓட்டடியில் பகலில் படுக்க முடிந்தது. இதே அட்டம் வேலூரில் இருந்திருந்தால் முடிந்திருக்காது. முகட்டருகே இரண்டு ஓட்டுக்குப் பதில் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அந்த ஓட்டின் வழியே விழும் ஒரு சதுர வெளிச்சம் நேரத்துக்கு நேரம் நகரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை புத்தகத்தோடு அதன் பின்னாலேயே நகர்ந்து உட்காரும். ஓட்டு இடுக்கில் காற்றும் வரும். நானறிந்து அந்தப் பகுதியில் பத்தாம் வகுப்புப் பாடத்தை அட்டத்தில் படித்து எழுந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் வீடுகள் எழுந்தபோது முக்கோண வெளி போயிற்று. கூரை தட்டையானது, உயரம் பத்தடி. கதவு நிலையின் உயரம் ஏழடி. அந்த ஏழடியில், லிண்டல் மட்டத்திலேயே, சுவரிலிருந்து இரண்டடி அகலத்துக்கு ஒரு பலகையை நீட்டினார்கள். மேலே மூன்றடி இருட்டு. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு லாஃப்டை வரையறுக்கும்போது, அதிகபட்ச உயரம் 1.5 மீட்டர், நிலையான ஏறுவழி இல்லாதது, பொருள் வைக்க மட்டும் என்கிறது. நிலையான படி வைத்தால் அது அறை ஆகிவிடும், அறை என்றால் உயரமும் காற்றும் வெளிச்சமும் கணக்குக்கு வரும். மூங்கில் ஏணியைக் கழற்றிச் சாய்த்த பழைய பழக்கமே இப்படி விதியின் எழுத்தாகவும் நிற்கிறது.

கூடவே விறகடுப்பு போய் ஸ்டவ் வந்தது, பிறகு கேஸ் வந்தது. புகை நின்றது. தானியம் கடையில் கிலோ கணக்கில் வாங்கும் பொருளானது. காக்க வேண்டியது எதுவும் இல்லாத பரணில் வேண்டாதவை ஏறத் தொடங்கின. பேச்சும் அப்படியே மாறியது. ஒரு திட்டம் கைவிடப்பட்டால் தெலுங்கில் அது அடக ஏறிவிட்டது என்கிறார்கள். தமிழில் பரணில் போட்டாகிவிட்டது என்கிறோம். அட்டம் ஏற மாட்டாதவன் பெட்டம் ஏறுவானா என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு. பெட்டம் என்றால் மலை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவனைப் பற்றிய நம் பழமொழியின் தம்பி அது. அங்கே மட்டும் அட்டம் ஏறுவது இன்னும் ஒரு திறமையாக நிற்கிறது.

கைவிடும் இடம் என்று பரணை இழிவாகப் பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். குறிஞ்சிப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் அச்சேற்றினார். அப்படி அச்சுக்கு வந்த நூல்களின் ஏடுகள் நூற்றாண்டுக் கணக்கில் தமிழ் வீடுகளின் பெட்டிகளிலும் பரண்களிலும்தான் கிடந்தன. இதணத்தின் மேல் இருந்த பெண்ணைப் பாடிய பாட்டுகளை இதணத்தின் பிள்ளையான பரணும் சேர்ந்தே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

என் முடிவு இதுதான்: பரணுக்கு இடம் குறையவில்லை, காற்றும் வெளிச்சமும்தான் குறைந்தன. காற்று என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, காற்றே புகாத பொந்தாக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே வைத்த பாய் பூஞ்சை பிடிக்கிறது, புத்தகம் பூச்சி அரிக்கிறது, பிறகு பரணில் வைத்தால் எல்லாம் பாழ் என்று பரணையே குறை சொல்கிறோம்.

இருபதுக்கு முப்பது மனையில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாஃப்ட் வருகிற வெளிச்சுவரில், லாஃப்டுக்கு மேலே, ஒரு சிறு வெண்டிலேட்டர் விடச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடிக் கட்டி பதித்தால் பகலில் விளக்குப் போடாமல் பொருள் தேடலாம். அடுப்புக்கு மேலே இருப்பதைத் திறந்தே வையுங்கள், பிளைவுட் கதவு போட்டு மூடாதீர்கள். பழைய ஓட்டு வீடு இன்னும் கையில் இருந்தால் இடிப்பதற்கு முன் அந்த முகட்டு வெளியை ஒருமுறை ஏறிப் பாருங்கள். பலகையும் கண்ணாடி ஓடும் மாற்றினால் ஒரு பிள்ளை படிக்கும் இடம் அங்கே கிடைக்கும். சுவரிலிருந்து நீளும் கான்கிரீட் பரணில் மட்டும் யாரும் படுக்கவோ உட்காரவோ வேண்டாம், அது அதற்காகக் கட்டியதல்ல. அந்தப் பலகைக்கு இழுவிசை மேல்பக்கம்தான் வரும், ஆகவே முதன்மைக் கம்பி பலகையின் மேல்பக்கம் இருக்க வேண்டும். அவசரத்தில் அதைக் கீழே மிதித்துவிடுகிறார்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஏணி வைத்து ஏறி, கம்பி மேலே நிற்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.