யுரேகா கொடி யாருக்குச் சொந்தம்?

மெல்பர்னில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வரும் மலேசியர்கள் அங்குள்ள கட்டுமானத் தளங்களில் ஒரு கொடியைக் கவனித்திருக்கலாம். கருநீலத் துணியில் வெள்ளைச் சிலுவை. அதன் நான்கு முனைகளிலும் நடுவிலுமாக ஐந்து வெள்ளை நட்சத்திரங்கள். கிரேன் உச்சியில் அது பறக்கும், தொழிலாளியின் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும், காரின் பின்கண்ணாடியிலும் தெரியும். அது ஆஸ்திரேலியாவின் தேசியக் கொடி அல்ல. அதன் பெயர் யுரேகா கொடி.

தொழிற்சங்கப் பேரணியில் முன்னால் போகும் இதே கொடியை, வெளிநாட்டவர் வரக்கூடாது என்று முழங்கும் தீவிர வலதுசாரிகளும் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத இரு தரப்பும் ஒரே துணியை எங்களுடையது என்கின்றன. இதைப் புரிந்துகொள்ள 1854ஆம் ஆண்டின் பல்லராட் நகருக்குப் போக வேண்டும்.

பல்லராட், மெல்பர்னுக்கு மேற்கே உள்ள ஊர். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். காலனி அரசு அவர்களிடம் உரிமக் கட்டணம் வாங்கியது. தொடக்கத்தில் மாதத்திற்கு 30 ஷில்லிங். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். கையில் உரிமச் சீட்டு இல்லாதவனைப் போலீஸ் துரத்திப் பிடித்தது. கட்டணம் செலுத்தியவனுக்கு ஓட்டுரிமையும் இல்லை. இந்த ஆத்திரத்தோடு, அந்த ஆண்டு அக்டோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற சுரங்கக்காரர் கொல்லப்பட்டதும், சந்தேகத்திற்கு ஆளான ஹோட்டல் முதலாளி விடுவிக்கப்பட்டதும் சேர்ந்துகொண்டன. கூட்டம் திரண்டு அந்த ஹோட்டலைக் கொளுத்தியது.

நவம்பர் 29ஆம் தேதி பேக்கரி ஹில் என்ற மேட்டில் கொடி ஏறியது. உரிமச் சீட்டுகள் தீயில் போடப்பட்டன. மறுநாள் அயர்லாந்துக்காரரான பீட்டர் லாலர் தலைமையில், ஒருவரை ஒருவர் கைவிடாமல் உரிமையைக் காப்போம் என்று கொடியின் கீழ் உறுதிமொழி எடுத்தார்கள். மரக்கட்டைகளை அடுக்கி ஒரு தடுப்பு அரணும் கட்டினார்கள். டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ராணுவமும் போலீசும் பாய்ந்தன. சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. சுரங்கக்காரர்கள் தரப்பில் குறைந்தது 22 பேர் மாண்டதாகக் கணக்கு. ஜான் கிங் என்ற போலீஸ்காரர் கொடியைக் கிழித்து இறக்கினார். நினைவுப் பொருளாக அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனவர்கள் பலர். மிஞ்சிய பகுதி கிங் குடும்பத்தில் கிடந்து, 1895இல் பல்லராட் கலைக்கூடத்திற்கு வந்தது. 1973இல் பிரதமர் கஃப் விட்லம் அதைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்தார்.

தோற்ற போராட்டம்தான். ஆனால் கேட்டது ஓரளவு கிடைத்தது. தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் மெல்பர்ன் ஜூரிகள் 1855இல் விடுதலை செய்தார்கள். மாதாந்திர உரிமம் போய், ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டினால் ஓட்டும் போடலாம் என்ற ஏற்பாடு வந்தது.

இந்த வெற்றிக்கு உரிமை கொண்டாடத்தான் இத்தனை போட்டி. 1891இல் குயின்ஸ்லாந்தில் வேலைநிறுத்தம் செய்த, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் இந்தக் கொடியைப் பிடித்தார்கள். பிறகு கம்யூனிஸ்டுகள் எடுத்தார்கள். அவர்களின் இளைஞர் அமைப்புக்கே யுரேகா என்று பெயர். 1970களிலிருந்து கட்டுமானத் தொழிற்சங்கங்களின் அடையாளமாகவே அது மாறிப்போனது. இதில் ஒரு முரண் உண்டு. பல்லராட்காரர்கள் கூலித் தொழிலாளிகள் அல்ல. தன் குழியைத் தானே தோண்டி, கிடைத்ததைத் தானே விற்ற சிறு முதலாளிகள். வரிச்சுமையை எதிர்த்த சிறு வியாபாரிகளின் கலகம் என்று வலதுசாரிகள் அதைச் சொல்வதும் முற்றிலும் பொய்யல்ல.

லாலரின் பிற்கால வாழ்க்கையும் தொழிற்சங்கங்களுக்கு வசதியானதல்ல. அரணில் இடது கையை இழந்த அவர், அடுத்த ஆண்டே சட்டமன்ற உறுப்பினராகி, 1880இல் சபாநாயகரும் ஆனார். இடையில், சொத்து உள்ளவர்களுக்கே ஓட்டு என்ற ஏற்பாட்டை ஆதரித்துத் தம் ஆதரவாளர்களையே அதிர வைத்தார். 1873இல் கிளூன்ஸ் ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாகச் சீனர்களை இறக்க முயன்ற நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர் இதே லாலர்தான்!

சீனர்கள் என்றதும் கதையின் கசப்பான பக்கம் திறக்கிறது. யுரேகா நடந்த மறு ஆண்டே விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கானோர் தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். நியூ சவுத் வேல்ஸின் லாம்பிங் ஃபிளாட்டில் 1861இல் வெள்ளைச் சுரங்கக்காரர்கள் சீனர்களை அடித்து விரட்டினார்கள். அங்கே சீனர் வேண்டாம் என்று எழுதி எழுந்த பதாகையிலும் தென் சிலுவை நட்சத்திரங்கள் இருந்தன. அது யுரேகா கொடி அல்ல. ஆனால் அதே வானத்திலிருந்து எடுத்த அடையாளம். இன்றைய இனவாதக் குழுக்கள் யுரேகா கொடியின் மேல் கை வைக்கத் தைரியம் கொள்வது இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் பல்லராட் அரணுக்குள் இருந்தவர்களின் பெயர்கள் அவர்களுக்கு ஒத்துழைக்கவில்லை. ரஃபேல்லோ கார்போனி இத்தாலியர்; நடந்ததை நூலாகவும் எழுதினார். கொடியை வடிவமைத்ததாகச் சொல்லப்படும் ஹென்றி ராஸ் கனடாக்காரர். வழக்கில் முதலில் விசாரிக்கப்பட்ட ஜான் ஜோசப் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அவரை ஜூரிகள் விடுவித்ததும் மெல்பர்ன் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான கொடி என்று சொல்பவர்கள் இந்த மனிதரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அரசுகளும் இந்தக் கொடியோடு தடுமாறியே வந்துள்ளன. 2004இல் 150ஆம் ஆண்டு நிறைவின்போது, கூட்டரசு நாடாளுமன்றக் கட்டடத்தில் அதை ஏற்ற ஜான் ஹாவர்டின் அரசு மறுத்தது. பின்னர் 2016ஆம் ஆண்டு கட்டுமானத் துறை விதிமுறை, அரசாங்க ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்களின் தளங்களில் தொழிற்சங்க அடையாளங்களைக் கட்டுப்படுத்தியது. யுரேகா கொடியும் அதில் சிக்கியது. அது சங்கத்தின் சின்னமா, வரலாற்றுச் சின்னமா என்று வழக்கறிஞர்கள் வாதாடும் நிலை வந்தது. 2022இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கொடிக்கு 1995இல் சட்டபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. யுரேகா கொடிக்கு அப்படி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் தைக்கலாம், விற்கலாம், பிடிக்கலாம். பல்லராட்டில் உள்ள யுரேகா மையத்தில் மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கும் மூலக்கொடியை மட்டும் கண்ணாடிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும்.