மூன்று ஆசைகள், ஒரு சட்டைப்பை

"ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போற மாதிரி சின்னதா ஒரு கேமரா சொல்லுங்க. நல்லா ஜூம் ஆகணும். இருட்டுலயும் படம் தெளிவா வரணும்."

ஏறக்குறைய இருபது வருடங்களாக இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. காசிக்குக் கிளம்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளைப் பார்க்க முதல்முறை விமானம் ஏறும் தம்பதி, இமயமலைக்குப் போகும் கல்லூரிப் பையன் என்று கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். கைப்பேசி வந்தபின் கேள்வி குறைந்திருக்கிறது, ஆனால் நின்றபாடில்லை.

கேட்பவருக்கு இது ஒரே ஆசை. எனக்கு இதில் மூன்று ஆசைகள் தெரிகின்றன. சின்னதாக இருக்கணும், தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவரணும், இருட்டில் பார்க்கணும். இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களுக்கு வந்த ஆசைகள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடு மல்லுக்கட்டித்தான் வளர்ந்திருக்கிறது. எந்த மாடல் வாங்கலாம் என்று இன்று நான் சொல்லும் பதில் அடுத்த வருடம் பழசாகிவிடும். இந்த மல்லுக்கட்டின் கதை அப்படிப் பழசாகாது. அதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் போய் நாமே பேசிக்கொள்ளலாம்.

முதலில் 'சின்னது'. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்ற நுண்ணோக்கி நிறுவனம். அங்கே வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக்குக்கு ஆஸ்துமா. மலைப்பாதையில் நடந்துபோய்ப் படமெடுப்பதில் அவருக்குப் பிரியம். ஆனால் அன்றைய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஏற மூச்சு ஒத்துழைக்கவில்லை. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமை எடுத்து, இரண்டு சினிமாச் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 36-க்கு 24 மி.மீ. அளவில் ஒரு படம் பதியும்படி 1913-14 வாக்கில் ஒரு குட்டிக் கேமரா செய்தார். முதல் உலகப்போர் குறுக்கே வந்ததால் அது லைக்கா என்ற பெயரில் 1925-ல்தான் கடைக்கு வந்தது. நெகட்டிவ் சின்னதாக இருக்கட்டும், அச்சில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது பர்னாக்கின் கணக்கு. கேமராவைச் சுருக்கவேண்டுமென்றால் ஒளி விழும் பரப்பைச் சுருக்கு. நூறு வருடமாகியும் இந்தச் சூத்திரம் மாறவில்லை.

பர்னாக்கின் கேமராவில் இருந்த லென்ஸ் எஃப் 3.5. வெயிலுக்கு அது தாராளம், விளக்கு வெளிச்சத்துக்குப் போதாது.

இந்த 'எஃப்' என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், கட்டுரை முழுக்க வரப்போகிறது. லென்ஸின் குவியத் தூரத்தை அதில் ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 100 மி.மீ. லென்ஸில் துளை 50 மி.மீ. என்றால் எஃப் 2. எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். அதே வெளிச்சத்தோடு இரண்டு மடங்கு தூரம் பார்க்கணும் என்றால் துளையின் விட்டம் இரண்டு மடங்காகணும். கண்ணாடியின் பரப்பு நான்கு மடங்காகும். சட்டைப்பை நான்கு மடங்காகாது. நம் மூன்று ஆசைகளுக்கும் நடுவே இருக்கும் தகராறு மொத்தமும் இவ்வளவுதான்.

'இருட்டு' என்ற ஆசையை நிறைவேற்றியது இன்னொரு ஜெர்மன் கேமரா. டிரெஸ்டன் நகரின் எர்னமான் நிறுவனம் 1924-ல் எர்மனாக்ஸ் என்ற கேமராவை வெளியிட்டது. லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த அதன் லென்ஸ் எஃப் 2; அடுத்து எஃப் 1.8 வந்தது. கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் படமெடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். கேமராவின் முன்னால் லென்ஸ் ஒரு டம்ளர் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகி எடுக்கணும்.

சட்டம் படித்த எரிக் சாலமன் இந்தக் கேமராவைத்தான் கையில் எடுத்தார். 1928-ல் பெர்லினில் ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தன் தொப்பிக்குள் கேமராவை மறைத்துவைத்துப் படம்பிடித்தார். பிறகு ராஜதந்திரிகள் கூடிப் பேசும் இரவுக் கூட்டங்களுக்குள் நுழைந்தார். கொட்டாவி விடும் அமைச்சர்கள், சோபாவில் சரிந்து தூங்கும் பிரதிநிதிகள் எல்லாம் அவர் படங்களில் உண்டு. அதுவரை அதிகாரத்தில் இருப்பவர்கள் கேமராவுக்கு முன் விறைப்பாக நின்றவர்கள். மக்னீசியப் பொடி வெடித்து வெளிச்சம் வரும்வரை நிற்கத்தானே வேண்டும்? விளக்கு வெளிச்சமே போதும் என்று ஆனதும், தாங்கள் படமெடுக்கப்படுவதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. பத்திரிகைப் புகைப்படம் என்று இன்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அந்தப் பெரிய துளை வழியாக வந்ததுதான். யூதரான சாலமன் நாஜிகளுக்குத் தப்பி நெதர்லாந்து போனார். அங்கும் பிடிபட்டு 1944-ல் ஆஷ்விட்ஸில் இறந்தார்.

'தூரம்' கடைசியாக வந்தது. 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ், ஃபோக்ட்லாண்டர் வெளியிட்ட ஜூமார், 1959-ல் வந்தது. 36-லிருந்து 82 மி.மீ. வரை, எஃப் 2.8. இரண்டேகால் மடங்குதான் ஜூம், அதற்கே லென்ஸ் மட்டும் முக்கால் கிலோவுக்கு மேல். சின்னது என்ற ஆசையை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

சின்னதையும் தூரத்தையும் ஒன்றாக்க 1986 ஆயிற்று. அந்த வருடம் வந்த பென்டாக்ஸ் ஜூம் 70, ஜூம் லென்ஸ் பொருத்திய முதல் 35 மி.மீ. ஆட்டோஃபோகஸ் காம்பாக்ட். 70 மி.மீ.க்கு இழுத்தால் அதன் துளை எஃப் 6.7 ஆகச் சுருங்கிவிடும். அடுத்த பத்து வருடங்களில் ஜூம் நீண்டுகொண்டே போக, துளை சில மாடல்களில் எஃப் 10-ஐயும் தாண்டிச் சுருங்கியது. அதாவது இருட்டைப் பலிகொடுத்துத் தூரத்தை வாங்கினார்கள். இருட்டுக்கு? அதான் ஃப்ளாஷ் இருக்கே! மூன்று நான்கு மீட்டருக்கு மேல் போகாத ஃப்ளாஷ். தொண்ணூறுகளில் நம் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன்களில் உறவினர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர் முகம் சுண்ணாம்பு, பின்னால் மேடை கரி. அந்த மண்டபத்தில் எரிந்த நூறு விளக்குகளில் ஒன்றுகூடப் படத்தில் இருக்காது.

டிஜிட்டல் வந்ததும் பர்னாக்கின் சூத்திரம் எல்லை மீறிப் போனது. பிலிமின் 36-க்கு 24 மி.மீ. இருந்த இடத்தில், காம்பாக்ட் கேமராக்களில் ஏறத்தாழ 6-க்கு 4 மி.மீ. சென்சார் வந்து உட்கார்ந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சென்சார் சிறுத்தால் லென்ஸும் சிறுக்கும், 350 மி.மீ. லென்ஸ் காட்டும் தூரத்தைச் சுமார் 60 மி.மீ. லென்ஸே காட்டிவிடும். பையில் போடும் ஜூம் சாத்தியமானது இப்படித்தான்.

2006-ஆம் வருடத்தை நான் அடிக்கடி உதாரணமாகச் சொல்வேன். ஒரே வருடத்தில் இரண்டு கேமராக்கள் வந்தன. ஒன்று பேனசோனிக்கின் டிஇசட்1. 35-லிருந்து 350 மி.மீ. வரை பத்து மடங்கு ஜூம், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி, 5 மெகாபிக்சல். பின்னாளில் 'டிராவல் ஜூம்' என்றே ஒரு வகை உருவாக இதுதான் வழிபோட்டது. இன்னொன்று ஃபியூஜிஃபில்மின் எஃப்30. வெறும் மூன்று மடங்கு ஜூம், நடுக்கம் தடுக்கும் லென்ஸ் கிடையாது, 6 மெகாபிக்சல். ஆனால் அதன் சென்சார் பரப்பு முன்னதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஐஎஸ்ஓ 3200 வரை போகும். ஐஎஸ்ஓ 400 வைத்தாலே மற்ற காம்பாக்ட்களில் மணல் தூவியதுபோல் படம் வந்த காலம் அது.

மறு வருடம் அஜந்தா போனபோது நண்பர் ஒருவரின் எஃப்30 என் கையில் இருந்தது. குகைக்குள் ஃப்ளாஷ் கூடாது. அந்த வெளிச்சம் நிறங்களைத் தின்னும். முக்காலியை நினைத்த மாத்திரத்தில் கொண்டுபோக முடியாது. விளக்குகளும் வேண்டுமென்றே மங்கலாக வைக்கப்பட்டவை. முதலாம் குகையில் பத்மபாணி முன்னால் நின்றால் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகப் பழகத்தான் அந்தச் சாய்ந்த இமைகளும் கையிலிருக்கும் தாமரையும் சுவரிலிருந்து மெல்ல வெளியே வந்தன. இந்த இருட்டில்தான் 1844-லிருந்து ராபர்ட் கில் என்ற ராணுவ அதிகாரி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வருடக்கணக்கில் உட்கார்ந்து ஓவியங்களைத் தூரிகையால் நகலெடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை 1866-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் எரிந்துபோயின.

கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி இறுக இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி, பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். இரண்டு தேறின. பக்கத்தில் ஒருவர் நீள ஜூம் கேமராவால் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே பத்மபாணியின் முகத்தை இழுத்துப் பிடித்தார். "பாருங்க, எவ்ளோ கிட்ட!" என்று திரையைக் காட்டினார். கிட்டத்தான் இருந்தது. ஆனால் இமை எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இருட்டில் ஜூம் நம்மை இரண்டு முறை அடிக்கும். இழுக்க இழுக்கத் துளை சுருங்கும். கூடவே கையின் நடுக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகும். என் படத்தில் முகம் சின்னது, ஆனால் இமை இருந்தது.

இவ்வளவு தெரிந்தும் சந்தை ஏன் வேறு பக்கம் போனது? விற்பதற்கு எண் வேண்டும், அதுவும் ஏறுகிற எண். எஃப் எண் சிறிதானால் நல்லது என்பதைக் கடையில் இரண்டு நிமிடத்தில் விளக்க முடியாது. 12 மெகாபிக்சல் 6-ஐவிடப் பெரியது என்பதற்கு விளக்கமே தேவையில்லை. எஃப்30-ன் வாரிசுகளே அடுத்த வருடம் 8, 12 என்று ஏறிவிட்டன. அதே சின்ன இடத்தில் அதிகக் கட்டங்களை நெருக்கினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் விழும் ஒளி குறையும். ஒரு செண்ட் மனையில் அபார்ட்மென்ட் கட்டுகிற கதை.

இந்த ஓட்டத்தில் ஒரு நிறுவனம் வெளிப்படையாகத் திரும்பி நடந்த சம்பவம் ஒன்று உண்டு. கேனன் 2008-ல் ஜி10-ஐ 14.7 மெகாபிக்சலோடு கொண்டுவந்தது. 2009-ல் அதன் வாரிசான ஜி11-க்கு வெறும் 10 மெகாபிக்சல். புது மாடலில் எண் குறைந்தது! குறைத்தது இருட்டுக்காக. அதற்கு முந்தைய வருடமே பேனசோனிக் எல்எக்ஸ்3, ஜூமை 60 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டு எஃப் 2 லென்ஸோடு வந்திருந்தது. கேட்பவர்களிடம் தயங்காமல் பெயர் சொல்ல முடிந்த காலம் அது.

2012-ல் சோனியின் ஆர்எக்ஸ்100 வந்தது. சட்டைப்பைக்குள் 'ஒரு அங்குல' சென்சார். இந்த அங்குலக் கதை வேடிக்கையானது. அந்தச் சென்சாரின் அளவு 13.2-க்கு 8.8 மி.மீ.; மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. வராது. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து அழைத்த வழக்கம், குழாய் போனபிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. என்றாலும் சாதாரண காம்பாக்ட் சென்சாரைப்போல் நான்கு மடங்கு பரப்பு. மூன்று ஆசைகளும் இதில் கைகூடிவிட்டன என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 28 மி.மீ.யில் எஃப் 1.8 ஆக இருந்த அதன் லென்ஸ், 100 மி.மீ.க்குப் போனால் எஃப் 4.9. அதே வரிசையில் 2014-ல் வந்த மூன்றாம் மாடல் 70 மி.மீ.யோடு நின்றது, ஆனால் எஃப் 1.8-லிருந்து 2.8-க்குள். 2018-ல் வந்த ஆறாம் மாடல் 200 மி.மீ. வரை போனது, ஆனால் தொடக்கமே எஃப் 2.8. அதாவது அகலக் கோணத்தில் மூன்றாவதற்குக் கிடைத்த வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவு. ஒரே நிறுவனம், ஒரே அளவு உடம்பு, ஒரே அளவு சென்சார். அப்போதும் 'இருட்டா, தூரமா, நீயே முடிவு பண்ணு' என்று இரண்டு தனி மாடல்களாகத்தான் தரமுடிந்தது. பேனசோனிக் 2016-ல் இதே அளவுச் சென்சாரோடு பத்து மடங்கு ஜூம் தந்தபோது கடைசி முனையில் துளை எஃப் 5.9. வகுத்தல் கணக்கு யாருக்கும் சலுகை தருவதில்லை.

இதற்குள் வாங்குபவர்களே போய்விட்டார்கள். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழ். கைப்பேசி தந்த அடி. 2018-ல் கூகுள் பிக்சல் கொண்டுவந்த 'நைட் சைட்' போன்ற வசதிகள், மங்கலான பல படங்களை அடுக்கி ஒரு தெளிவான படமாக்கிவிடும். துளையைப் பெரிதாக்க முடியாத இடத்தில் கணக்குப் போட்டு ஈடுகட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். ஆனாலும் பேரம் தீரவில்லை. கைப்பேசியின் தூர லென்ஸுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்னும் சின்ன சென்சார். அதனால் வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் அந்த லென்ஸைச் சத்தமில்லாமல் ஓரங்கட்டிவிட்டு, முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகின்றன.

இன்னொன்றும் உண்டு. கைப்பேசி எடுத்த குகை பல நேரம் ட்யூப்லைட் போட்ட ஹால் மாதிரி இருக்கிறது. கண் பழகுவதற்குக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்கள் அதில் இல்லை. ஒளி நிறைய வாங்கும் சின்னக் கேமராவில் இருட்டை இருட்டாகவே விட்டுவைத்து, தெரிந்ததை மட்டும் எடுக்கலாம். தனியாக ஒரு கேமரா சுமப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆகவே, கேட்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, "மூணுல எதை விட்டுக்கொடுப்பீங்க?" என்பதுதான். பறவை, பனிச்சிகரம், ஓடும் ரயிலிலிருந்து தெரியும் கோபுரம் என்றால் நீள ஜூம் வாங்குங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். குகை, கோயில் பிராகாரம், இரவுக் கடைத்தெரு என்றால் மூன்று மடங்கு ஜூமே போதும், நாலு எட்டு முன்னால் நடந்துகொள்ளலாம். இரண்டும் வேண்டும் என்றால் எடை கூடும், விலையும் கூடும். கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்களை விட்டுவிடுங்கள். லென்ஸைச் சுற்றியோ மேலேயோ பொடி எழுத்தில் 1:1.8-4.9 என்பதுபோல் பொறித்திருக்கும். அதில் இரண்டாவது எண்ணைப் படியுங்கள். விற்பவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். அந்தக் கேமரா எதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்று அங்கேதான் எழுதியிருக்கிறது.